பம்புக்கு எண் தெரியும், கை தெரியாது: வாசகர் கேள்வி-பதில்

சிரை வழியாகவும் தோலடியிலும் மருந்து செலுத்தும் கருவிகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், ஒரே பொருள் கொண்டவற்றைச் சேர்த்து இந்த இதழில் விடை தருகிறேன். தீவிரச் சிகிச்சைப் பிரிவில் இக்கருவிகளோடு பல ஆண்டுகள் புழங்கியவன் நான். ஆனாலும் கருவியின் உள்ளமைப்பைவிட, படுக்கையருகே அமர்ந்திருப்பவருக்கு எது தெரிந்திருக்க வேண்டும் என்பதையே இங்கு முதன்மையாகக் கொண்டிருக்கிறேன். மருந்தின் அளவைக் கூட்டலாமா, குறைக்கலாமா என்று கேட்டிருப்பவர்கள் தம் மருத்துவரிடமே அதைக் கேட்க வேண்டும்.

கேள்வி: என் தந்தைக்கு முதல் இரண்டு நாள்கள் சாதாரணமாகத் தொங்கவிடப்பட்ட பையிலிருந்து டிரிப்ஸ் ஏறியது. மூன்றாம் நாள் அதை எடுத்துவிட்டு இரண்டு பம்புகளை வைத்துவிட்டார்கள். உடல்நிலை மோசமாகிவிட்டது என்று இதற்குப் பொருளா?

பதில்: அப்படி முடிவு கட்ட வேண்டியதில்லை. மருந்து மாறியிருக்கிறது, அந்த மருந்துக்குச் சீரான வேகம் தேவைப்படுகிறது என்பது மட்டுமே இதிலிருந்து தெரிகிறது.

தொங்கும் பையில் வேலை செய்வது புவியீர்ப்பு விசை. நோயாளியின் கையைவிட ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கும் திரவம் ஏறத்தாழ 74 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு அழுத்தம் தரும். கையிலுள்ள சிரையின் அழுத்தம் அதைவிட மிகக் குறைவு என்பதால் திரவம் உள்ளே இறங்குகிறது. நோயாளி எழுந்து உட்கார்ந்தாலும், முழங்கையை மடக்கினாலும், பையில் திரவ மட்டம் குறைந்தாலும், குழாயின் மேல் புரண்டு படுத்தாலும் சொட்டின் வேகம் மாறிவிடும். உடலில் நீர்ச்சத்து குறைந்தவருக்கு உப்புநீர் ஏற்றும்போது இந்த ஏற்றத்தாழ்வு பெரும்பாலும் பொருட்படுத்தத் தக்கதன்று.

ஆனால் ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் நார்அட்ரினலின் போன்ற மருந்துகளின் நிலை வேறு. ரத்தத்தில் கலந்த இரண்டு மூன்று நிமிடங்களில் அதன் அளவு பாதியாகக் குறைந்துவிடுகிறது. செலுத்துவது சில நிமிடம் தடைபட்டால் அழுத்தம் சரியும். சில சொட்டு அதிகமாகப் போனால் எகிறும். அத்தகைய மருந்தைப் புவியீர்ப்பை நம்பி விட முடியாது.

பம்புகளில் நீங்கள் பார்த்திருக்கக்கூடியவை இரண்டு வகை. பையிலிருந்து வரும் குழாயை வரிசையான விரல்கள் அழுத்தி அழுத்தி நகர்த்துவதுபோல் பிதுக்கித் திரவத்தைத் தள்ளுவது ஒன்று. மணிக்குப் பல மில்லிலிட்டர் செல்ல வேண்டிய திரவங்களுக்கு இது. மருந்து நிரம்பிய சிரிஞ்சைப் படுக்க வைத்து, அதன் தண்டை ஒரு மோட்டார் மெல்ல மெல்லத் தள்ளுவது மற்றொன்று. இதுதான் சிரிஞ்ச் பம்பு. மணிக்கு ஒன்றிரண்டு மில்லிலிட்டர் மட்டுமே செல்ல வேண்டிய அடர்த்தியான மருந்துகளுக்கும் பச்சிளங்குழந்தைகளுக்கும் இதைத்தான் பயன்படுத்துவார்கள்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். சிரிஞ்ச் பம்பை உயர்த்தியோ தாழ்த்தியோ வைப்பதுகூட, மிகக் குறைந்த வேகத்தில் செல்லும் மருந்தின் அளவைச் சற்று நேரத்துக்கு மாற்றிவிடும். இடைஞ்சலாக இருக்கிறது என்று பம்பை வேறு இடத்துக்கு நீங்களாக நகர்த்தாதீர்கள்.

கேள்வி: பை முடிய வெகுநேரம் ஆகும்போது குழாயில் சொட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ரோலரைச் சற்றுத் திறந்துவிட்டால் என்ன? எத்தனை சொட்டு விழ வேண்டும் என்று நாமே கணக்கிட முடியுமா?

பதில்: கணக்கிட முடியும், கணக்கிட்டுச் செவிலியரிடம் கேட்கலாம், ரோலரைத் தொடக்கூடாது.

கணக்கு எளியது. டிரிப் செட்டின் உறையில், ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை சொட்டு என்று அச்சிட்டிருக்கும். பெரியவர்களுக்கான செட்டுகள் பலவற்றில் அது 20. சிறு சொட்டு செட்டில் 60. ஒரு மணி நேரத்துக்குச் செல்ல வேண்டிய மில்லிலிட்டரை அந்த எண்ணால் பெருக்கி 60 ஆல் வகுத்தால், நிமிடத்துக்கு விழ வேண்டிய சொட்டுகள் கிடைக்கும். 500 மில்லிலிட்டர் நான்கு மணி நேரத்தில் ஏற வேண்டுமானால் மணிக்கு 125. 20 சொட்டு செட்டில் நிமிடத்துக்குச் சுமார் 42 சொட்டு. சிறு சொட்டு செட்டில் பெருக்குவதும் 60, வகுப்பதும் 60 என்பதால், மணிக்கு எத்தனை மில்லிலிட்டரோ நிமிடத்துக்கு அத்தனை சொட்டு.

ரோலரைத் தொடாதீர்கள் என்று இவ்வளவு கண்டிப்பாகச் சொல்லக் காரணம், நிறமற்ற எல்லாத் திரவமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் என்பதுதான். வெறும் உப்புநீர் என்று நீங்கள் நினைக்கும் பையில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கலாம். அது வேகமாக உள்ளே சென்றால் இதயத்துடிப்பே நின்றுபோகக்கூடும். இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவருக்கு உப்புநீரே வேகமாக ஏறினாலும் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். பை நேரத்தில் முடியவில்லை என்றால் குழாய் மடங்கியிருக்கலாம், கேனுலா (சிரைக்குள் செருகியிருக்கும் சிறு குழாய்) அடைபட்டிருக்கலாம், மெதுவாகத்தான் ஏற்றச் சொல்லியும் இருக்கலாம். மூன்றில் எது என்பதைச் செவிலியர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி: இரவில் பம்பு ஓயாமல் ஒலிக்கிறது. ஒலியை நிறுத்தும் பொத்தானை அழுத்தினால் மீண்டும் இரண்டு நிமிடத்தில் ஒலிக்கிறது. நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: அந்தப் பொத்தான் ஒலியை மட்டுமே நிறுத்துகிறது, ஒலிக்கச் செய்த காரணம் அப்படியே இருக்கிறது. அடைப்பு அலாரம் ஒலிக்கும்போது பல பம்புகள் மருந்து செலுத்துவதையே நிறுத்திவிடும். நீங்கள் ஒலியை அடக்கிவிட்டுத் தூங்கினால் அத்தனை நேரமும் மருந்து போகவில்லை என்று பொருள். எனவே முதல் வேலை செவிலியரை அழைப்பது. அவர் வரும்வரை நீங்கள் பார்த்து வைக்கக்கூடியவை உண்டு. ஆனால் பார்க்கும் வரிசை, பெரும்பாலோர் செய்வதற்கு நேர்மாறானது. எல்லோரும் முதலில் திரையைப் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது நோயாளியை, பிறகு கேனுலா செருகியிருக்கும் கையை, அதன்பின் குழாயை, கடைசியாகத் திரையை. முழங்கை மடங்கியிருந்தால் நீட்டச் சொல்லுங்கள். குழாய் படுக்கையின் கம்பியில் சிக்கியிருந்தால் அதைச் செவிலியரிடம் சுட்டிக்காட்டுங்கள். நீங்களே வெடுக்கென்று விடுவிக்காதீர்கள்.

ஏன் என்று சொல்கிறேன். அடைப்பு ஏற்பட்ட பிறகும் பம்பு உடனே நிற்பதில்லை. குழாயில் அழுத்தம் ஓர் எல்லையைத் தொட்ட பிறகுதான் அது அடைப்பை உணரும். அதுவரை தள்ளப்பட்ட மருந்தெல்லாம் விரிந்த குழாய்க்குள் அடைபட்டுக் காத்திருக்கும். மடிப்பைச் சட்டென்று எடுத்தால் அது ஒரே மூச்சில் நோயாளிக்குள் பாயும். ரத்த அழுத்த மருந்தோ தூக்க மருந்தோ அப்படிப் பாய்ந்தால் விளைவு உடனே தெரியும். பயிற்சி பெற்ற செவிலியர், அந்த அழுத்தத்தை நோயாளியின் பக்கம் போகாதவாறு விடுவித்துவிட்டுத்தான் மடிப்பைச் சரிசெய்வார்.

இன்னொன்று: வேகம் குறையக் குறைய, அடைப்பை உணர்வதற்கு ஆகும் நேரம் கூடும். மணிக்கு 1 மில்லிலிட்டர் வேகத்தில் ஓடும் சிரிஞ்ச் பம்பு, முழு அடைப்பை உணர்ந்து ஒலிக்க அரை மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். ஒலிக்கவில்லை என்பதால் மருந்து போய்க்கொண்டிருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது.

மருந்து தீரும் நேரத்தில் ஒலிக்கும் அலாரம் வேறு. செலுத்த வேண்டிய அளவு முடிந்ததும் சில பம்புகள், சிரை அடைபடாமல் இருக்கும் பொருட்டு, மணிக்குச் சில மில்லிலிட்டர் என்ற மிகக் குறைந்த வேகத்துக்குத் தாமாகவே மாறிக்கொள்ளும். திரையில் எண் மாறியிருப்பதைக் கண்டு யாரோ கைவைத்துவிட்டார்கள் என்று பதற வேண்டாம்.

கேள்வி: பம்பு ஒலிக்கவே இல்லை, பச்சை விளக்கு எரிந்தது, எண்கள் சரியாக ஓடின. ஆனால் காலையில் பார்த்தபோது என் மகளின் கை முழங்கைவரை வீங்கியிருந்தது. கருவி பழுதா?

பதில்: கருவி பழுதாகாமலேயே இது நடக்கும். எனக்கு வந்த கேள்விகளில் இதைத்தான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன்.

பம்பு அறிவது குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்தை மட்டுமே. கேனுலாவின் நுனி சிரையைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டால், திரவம் தோலுக்கு அடியிலுள்ள தளர்வான திசுவில் பரவுகிறது. அங்கே எதிர்ப்பு மிகக் குறைவு. எனவே அழுத்தம் எல்லையைத் தொடுவதில்லை. பம்பைப் பொறுத்தவரை எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. கொடுத்த எண்ணின்படி அது மில்லிலிட்டர் மில்லிலிட்டராகத் தள்ளிக்கொண்டே இருக்கும். அடைப்பு அலாரம் இந்தக் கசிவைக் கண்டுபிடிப்பதற்காக உருவானதன்று, கண்டுபிடிக்கும் என்று நம்பவும் முடியாது. ஒரு விதத்தில் தொங்கும் பை இதில் பரவாயில்லை: கை வீங்க வீங்கச் சொட்டு மெதுவாகி நமக்கு எச்சரிக்கை தரும். பம்பு அப்படித் தயங்குவதில்லை.

வெறும் உப்புநீர் கசிந்தால் வீக்கம் சில மணி நேரங்களில், அல்லது ஓரிரு நாள்களில் வடிந்துவிடும். புற்றுநோய் மருந்துகளில் சில, ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்துகள், கால்சியம், அடர்த்தி மிகுந்த குளுக்கோஸ், பொட்டாசியம் ஆகியவை கசிந்தால் தோலும் அதன் அடியிலுள்ள திசுவும் அழுகிப்போகக்கூடும். ஆகவே கேனுலா உள்ள இடம் கண்ணில் படும்படி இருக்க வேண்டும். குளிருக்காகப் போர்வையால் மூடியிருந்தாலும் மணிக்கு ஒரு முறையாவது விலக்கிப் பாருங்கள். இரண்டு கைகளையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் சிறு வீக்கமும் தெரியும். தோல் வெளிறி இறுகியிருப்பது, தொட்டால் குளிர்ச்சியாக இருப்பது, எரிச்சல், கட்டுக்கடியில் ஈரம் ஆகியவை கசிவின் அடையாளங்கள். சிரையின் வழியே சிவந்த கோடும் வெப்பமும் வலியும் இருந்தால் அது சிரை அழற்சி. அப்போதும் கேனுலாவை மாற்ற வேண்டியிருக்கும். பேசத் தெரியாத குழந்தைகளும் மயக்கத்தில் இருப்பவர்களும் வலியைச் சொல்ல மாட்டார்கள் என்பதால் அவர்களுக்கு இந்தப் பார்வை இன்னும் அடிக்கடி தேவை.

வீக்கத்தைக் கண்டவுடன் செவிலியரை அழைத்து, செலுத்துவதை நிறுத்தச் சொல்லுங்கள். அவசரத்தில் கேனுலாவை நீங்களே பிடுங்கிவிடாதீர்கள். திசுவைச் சிதைக்கும் மருந்தாக இருந்தால், அதே கேனுலா வழியாகக் கசிந்த மருந்தை முடிந்தவரை உறிஞ்சி எடுத்த பிறகுதான் அதை அகற்றுவார்கள். ஒத்தடமும் உங்கள் விருப்பப்படி வேண்டாம். சில மருந்துகளுக்குக் குளிர்ந்த ஒத்தடமும் வேறு சிலவற்றுக்கு வெந்நீர் ஒத்தடமும் உரியவை. மாற்றிக் கொடுத்தால் சேதம் கூடும்.

கேள்வி: குழாயில் காற்றுக்குமிழி தெரிந்தாலே எனக்கு உயிர் போகிறது. ஒரு குமிழி போதுமாமே?

பதில்: கடுகளவுக் குமிழி ஒன்றிரண்டு கைச்சிரை வழியாகப் போனால், அவை நுரையீரலின் நுண்குழாய்களில் தங்கி மெல்லக் கரைந்துவிடும். பெரியவர்களுக்குப் பொதுவாக இதனால் தீங்கில்லை. ஆபத்து, குழாய் முழுவதும் காற்றாக இருக்கும்போதும், இதயத்தின் வலது இடது அறைகளுக்கிடையே துளை உள்ளவர்களுக்கும் பச்சிளங்குழந்தைகளுக்கும்தான். துளை வழியாகக் குமிழி இடப்பக்கம் சென்றால் அது மூளையையும் எட்டலாம் என்பதால் அவர்களுக்குச் சிறு குமிழியையும் அனுமதிப்பதில்லை.

தொங்கும் பை காலியானால், குழாயில் திரவமட்டம் சிரையின் அழுத்தத்துக்குச் சமமான உயரம்வரை இறங்கி அங்கேயே நின்றுவிடும். அப்புறம் ரத்தம் சற்றுப் பின்னேறி உறைந்து கேனுலா அடைபடுவதுதான் வழக்கமான தொல்லை. பம்பு அப்படியன்று, காற்றையும் அதே வேகத்தில் தள்ளக்கூடியது என்பதால்தான் பைக்குழாயைப் பிதுக்கும் பம்புகளில் காற்றை உணரும் கருவி பொருத்தியிருக்கிறார்கள். சிரிஞ்ச் பம்புகள் பெரும்பாலானவற்றில் அது இல்லை. சிரிஞ்சை நிரப்பும்போதே காற்றை முழுதாக வெளியேற்றியாக வேண்டும். கழுத்திலோ மார்பிலோ பெரிய சிரைக்குழாய் பொருத்தப்பட்டவர் உட்கார்ந்து மூச்சை இழுக்கும்போது அங்கே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்துவிடும் என்பதால், அந்தக் குழாயின் மூடி கழன்றால் காற்று உள்ளே உறிஞ்சப்படும். அப்படிக் கழன்றதைக் கண்டால் குழாயிலுள்ள கிளிப்பை உடனே மூடி, நோயாளியைப் படுக்க வைத்து, உரக்கக் கூப்பிடுங்கள்.

கேள்வி: இப்போதெல்லாம் பம்புகளுக்குள் கணினியே இருக்கிறது என்கிறார்கள். பிறகும் தவறு எப்படி நடக்கிறது?

பதில்: 2006 ஆம் ஆண்டு கனடாவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருந்த ஒருவருக்கு ஃபுளோரோயுராசில் என்னும் மருந்தை, இடுப்பில் அணியும் சிறு பம்பின் வழியாக நான்கு நாள் செலுத்த வேண்டியிருந்தது. மணிக்கு 1.2 மில்லிலிட்டர், அதாவது 24 மணி நேரத்துக்கு 28.8 மில்லிலிட்டர். மருந்துப் பையின் சீட்டில் இரண்டு எண்களுமே அச்சாகியிருந்தன. பம்பு கேட்டது மணிக்கு எவ்வளவு என்று. விரல் அழுத்தியது 28.8. இன்னொரு செவிலியர் சரிபார்த்தும் தவறு பிடிபடவில்லை. நான்கு நாளுக்கான மருந்து முழுவதும் நான்கு மணி நேரத்தில் உள்ளே போய்விட்டது. சில வாரங்களில் அந்த நோயாளி இறந்தார். அந்நாட்டின் பாதுகாப்பான மருந்துப் பயன்பாட்டுக்கான நிறுவனம் அதை ஆராய்ந்து 2007 ஆம் ஆண்டு அறிக்கை வெளியிட்டது. ஒருவரைக் குற்றவாளியாக நிறுத்தாமல், இரண்டு எண்களைத் தாங்கிய சீட்டு, பம்பின் நிரல்முறை, சரிபார்க்கும் வழக்கம் ஆகியவற்றின் குறைகளை அது அடுக்கிக் காட்டியது. அம்மருந்தின் மிகையளவுக்கான முறிமருந்துக்கு அமெரிக்காவில் 2015 ஆம் ஆண்டின் இறுதியில்தான் ஒப்புதல் கிடைத்தது.

அந்தப் பம்பு அன்று ஒரு நொடியும் பிழை செய்யவில்லை. மணிக்கு 28.8 என்றார்கள், 28.8 செலுத்தியது. எனக்கு இதில் உறைப்பது, சரிபார்த்தவரும் அதே சீட்டைப் பார்த்து அதே வழியில் சென்றதுதான். முதலாமவர் சொன்ன எண்ணைக் கேட்டுத் தலையசைப்பது சரிபார்ப்பு ஆகாது. மருத்துவரின் உத்தரவிலிருந்து தொடங்கித் தனியே கணக்கிட்டு, இரண்டு விடைகளும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதே சரிபார்ப்பு.

கருவியின் மேலும் குற்றம் உண்டு. 2005 முதல் 2009 வரை மருந்து செலுத்தும் பம்புகள் தொடர்பாகச் சுமார் 56,000 பாதிப்பு அறிக்கைகள் தமக்கு வந்ததாகவும், அதே காலத்தில் 87 முறை பம்புகள் திரும்பப் பெறப்பட்டதாகவும் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2010 இல் தெரிவித்தது. மென்பொருள் கோளாறு, குழப்பும் திரை அமைப்பு, மின்கலமும் இயந்திரப் பகுதிகளும் செயலிழப்பது ஆகியவற்றை அது காரணங்களாகச் சுட்டியது. அழுத்திய பொத்தான் ஒரு முறைக்குப் பதில் இரண்டு முறை பதிவானால் 1 என்பது 11 ஆகிவிடும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இப்போதைய மேம்பட்ட பம்புகளில் ஒவ்வொரு மருந்துக்கும் உரிய வரம்புகள் முன்கூட்டியே பதிவாகியிருக்கும். மருந்தின் பெயரைத் தேர்ந்தெடுத்து அளவைக் கொடுத்தால், அது வழக்கத்துக்கு மேற்பட்டிருந்தால் பம்பு எச்சரிக்கும். அதற்கும் மேலான ஓர் எல்லையைத் தாண்டினால் ஏற்கவே மறுக்கும். மிகப் பயனுள்ள ஏற்பாடு. ஆயினும் பட்டியலில் தவறான மருந்தைத் தேர்ந்தாலோ, மருந்தின் பெயரையே கொடுக்காமல் வெறும் வேகத்தை மட்டும் கொடுத்தாலோ இந்தக் காவல் விலகிவிடுகிறது. சிரிஞ்ச் பம்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. தண்டு எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்பதை வைத்தே அது மில்லிலிட்டரைக் கணக்கிடுகிறது. பம்பில் தேர்ந்தெடுத்த சிரிஞ்சும் உள்ளே பொருத்தியதும் வேறுவேறு உள்விட்டம் கொண்டவையானால், திரையில் சரியான எண் ஓட, உள்ளே போவது வேறாக இருக்கும்.

பார்வையாளராகிய நீங்கள் செய்யக்கூடியது என்னவென்றால், பையோ பம்போ மாற்றப்படும்போது, “இது என்ன மருந்து, மணிக்கு எவ்வளவு, எப்போது முடியும்?” என்று கேளுங்கள். முடியும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலை ஆறு மணிக்கு முடிய வேண்டியது நள்ளிரவிலேயே பாதிக்குக் கீழ் இறங்கிவிட்டால் அது உங்கள் கண்ணில் படும். இந்தக் கேள்வியால் நல்ல செவிலியர் எவரும் கோபித்துக்கொண்டதை நான் கண்டதில்லை.

கேள்வி: என் கணவருக்குப் புற்றுநோய் மருந்தை ஒரு பந்து போன்ற கருவியில் நிரப்பி, 46 மணி நேரம் கழித்து வரச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். மின்சாரமும் இல்லை, திரையும் இல்லை. ஓடுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: உள்ளே ஒரு ரப்பர் பலூன் இருக்கிறது, விரிந்த பலூன் சுருங்கும் விசையே மருந்தைத் தள்ளுகிறது. வேகத்தைத் தீர்மானிப்பது குழாயின் முனைக்கருகே உள்ள மிக நுண்ணிய துளை. அந்தத் துளையுள்ள பகுதியைத் தோலோடு ஒட்டி வைக்கச் சொல்லியிருப்பார்கள். அது அலங்காரத்துக்காக அன்று. திரவம் குளிர்ந்தால் பாகுத்தன்மை கூடி மெதுவாகவும், சூடேறினால் நீர்த்து வேகமாகவும் செல்லும். தண்ணீரைப் போன்ற கரைசலில் ஒரு டிகிரி வெப்பத்துக்கு ஏறத்தாழ 2 சதவீதம் வேகம் மாறும். உடலின் வெப்பத்தை நம்பி அளவிடப்பட்ட கருவி அது. எனவே அந்தப் பகுதி சட்டைக்கு வெளியே தொங்கவும் கூடாது, அதன்மேல் வெந்நீர்ப் பை படவும் கூடாது.

முதல் சில மணி நேரத்தில் பந்து சுருங்குவது கண்ணுக்குத் தெரியாது. காலையும் மாலையும் ஒரே கோணத்தில் ஒரு படம் எடுத்து ஒப்பிட்டால் விளங்கும். இக்கருவிகளின் துல்லியம் பத்துப் பதினைந்து சதவீதம் முன்பின்னாக இருப்பது இயல்பு. ஆகவே 42 மணி நேரத்தில் முடிவதும் 50 மணி நேரம் இழுப்பதும் வியப்பில்லை. ஒரு நாளுக்குள் காலியாகிவிட்டாலோ, ஒரு நாள் கழிந்தும் அளவே குறையவில்லை என்றாலோ, இரவானாலும் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். மெதுவாக இருக்கிறதே என்று பந்தைப் பிசையாதீர்கள். கிளிப் மூடியிருக்கிறதா, குழாய் இடுப்புப்பட்டையில் மடங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மருந்து கசிந்தால் கிளிப்பை மூடி, கையுறை அணிந்து, உறிஞ்சும் துணியால் மூடி, உடலில் பட்ட இடத்தைச் சோப்பும் தண்ணீரும் கொண்டு நன்கு கழுவிவிட்டு உடனே தொடர்புகொள்ளுங்கள்.

கேள்வி: அறுவைச் சிகிச்சைக்குப் பின் அம்மாவுக்கு வலிநிவாரணிப் பம்பு கொடுத்திருக்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் மருந்து போகும். அவர் தூங்கும்போது முகம் சுளித்தால் நான் அழுத்தலாமா?

பதில்: கூடாது. அந்த முறையின் பாதுகாப்பே நோயாளி தாமே அழுத்துவதில்தான் இருக்கிறது. மார்ஃபின் வகை மருந்து சற்று மிகுந்தால் கண் செருகும். கண் செருகியவர் பொத்தானை அழுத்த மாட்டார். மருந்து தானாகக் குறையும். நீங்கள் அன்பினால் அழுத்தும் ஒவ்வொரு முறையும் அந்த இயற்கையான கடிவாளத்தை அவிழ்க்கிறீர்கள். அடுத்து மந்தமாவது மூச்சு. ஒரு முறை அழுத்தியபின் ஐந்து முதல் பத்து நிமிடம் வரை பம்பு மீண்டும் மருந்து தராது என்பது உண்மையே. ஆனால் அந்தப் பூட்டு, அழுத்துபவர் விழித்திருப்பவர் என்ற எண்ணத்தில் அமைக்கப்பட்டது. உறவினர்கள் அழுத்துவதால் நேர்ந்த தீங்குகளை முன்னிட்டு, அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் கூட்டு ஆணையம் 2004 டிசம்பரிலேயே இதைப் பற்றித் தனி எச்சரிக்கை வெளியிட்டது. குழந்தைகளுக்கும் சில சிறப்புச் சூழல்களிலும் செவிலியரையோ பயிற்சி பெற்ற ஒருவரையோ பொத்தானுக்குப் பொறுப்பாக்குவதுண்டு. அது மருத்துவர் எழுத்தில் தரும் ஏற்பாடு.

அம்மா எழுப்பியும் எழவில்லை, மூச்சு நிமிடத்துக்கு 10 க்குக் கீழ் இறங்குகிறது, குறட்டை விட்டுவிட்டு நிற்கிறது என்றால் அதைச் சுகமான தூக்கம் என்று எண்ணாமல் உடனே ஆளை அழையுங்கள்.

கேள்வி: என் மகன் இன்சுலின் பம்பு அணிகிறான். குழாயில் காற்றுக்குமிழி இருந்தால் ஆபத்தா? பம்பு நின்றுபோனால் எவ்வளவு நேரம் தாங்கும்?

பதில்: தோலடியில் செல்வதால் காற்று அடைப்பைப் பற்றிய பயம் இங்கே பொருந்தாது. இங்கே குமிழி என்றால் போக வேண்டிய இன்சுலின் போகவில்லை என்று பொருள். பம்புகளில் பொதுவாக நிரப்பும் செறிவில் ஒரு யூனிட் என்பது ஒரு மில்லிலிட்டரின் நூற்றில் ஒரு பங்கு; 0.1 மில்லிலிட்டர் குமிழி 10 யூனிட்டை விழுங்கிவிடும். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த இன்சுலினை அறை வெப்பத்துக்கு வரவிட்டு நிரப்பினால் குமிழிகள் குறையும். குழாயில் மருந்தை நிரப்பி ஓடவிடும்போது அது மகனின் உடலோடு இணைந்திருக்கக் கூடாது. இதை மறந்ததால் நேர்ந்த தாழ்சர்க்கரை விபத்துகள் உண்டு.

இரண்டாம் கேள்விக்கு: பம்பில் இருப்பது விரைந்து செயல்படும் இன்சுலின் மட்டுமே. நீண்ட நேரம் நின்று வேலை செய்யும் இன்சுலின் உடலில் சேமிப்பாக இல்லை. ஆகையால் தடைபட்ட சில மணி நேரத்திலேயே கீட்டோன் (இன்சுலின் போதாதபோது உடல் கொழுப்பை எரிப்பதால் ரத்தத்தில் சேரும் அமிலப் பொருள்) ஏறத் தொடங்கும். காரணம் புரியாமல் சர்க்கரை 250 மி.கி.க்கு மேல் சென்று, பம்பு வழியாகத் திருத்த அளவு கொடுத்தும் இறங்கவில்லை என்றால், பம்பை நம்பிக் காத்திருக்காமல் கீட்டோனைச் சோதித்து, மருத்துவர் முன்பே எழுதித் தந்த அளவை ஊசி அல்லது பேனா மூலம் போட்டு, தோலில் செருகிய செட்டைப் புதிதாக மாற்ற வேண்டும். வாந்தியும் வயிற்றுவலியும் சேர்ந்தால் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பேனாவும் ஊசியும் எப்போதும் பையில் இருக்கட்டும். செட்டை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை, இடத்தை மாற்றி மாற்றிச் செருகுவது வழக்கம். ஒரே இடத்தில் செருகினால் கொழுப்பு தடித்து இன்சுலின் ஒழுங்காக உறிஞ்சப்படாது.

கேள்வி: எம்.ஆர்.ஐ. அறைக்குள் பம்போடு போகலாமா?

பதில்: அதற்கென்றே சான்றளிக்கப்பட்ட பம்பாக இல்லாவிட்டால் போகக் கூடாது. காந்தம் பம்பை இழுத்து வீசக்கூடும். மோட்டாரைக் குழப்பித் தவறான அளவில் மருந்தைச் செலுத்தவும் செய்யக்கூடும். உடலில் அணிந்த இன்சுலின் பம்பையும் வெளியிலேயே கழற்றி வைக்க வேண்டும். அணிந்திருப்பதைப் பணியாளரிடம் நீங்களே முன்கூட்டிச் சொல்லுங்கள்.

கேள்வி: வீட்டில் பயன்படுத்தும் பம்பு மேசையிலிருந்து விழுந்தது. வெளியே கீறல்கூட இல்லை, இயக்கினால் ஓடுகிறது. தொடரலாமா?

பதில்: தொடர வேண்டாம். உள்ளே தள்ளும் பகுதி அரை மில்லிமீட்டர் விலகியிருந்தாலும் திரையில் எந்த மாற்றமும் தெரியாது. செல்லும் அளவு மட்டும் மாறும். கழற்றும்போது முதலில் குழாயின் ரோலரையோ கிளிப்பையோ மூடிவிட்டுப் பிறகே பம்பின் கதவைத் திறங்கள். வரிசையை மாற்றினால், பம்பு பிடித்து வைத்திருந்த திரவம் தடையின்றி உள்ளே பாயும். பிறகு பம்பை வழங்கிய இடத்துக்குத் தெரிவித்து, மாற்றுப் பம்பு வரும்வரை என்ன செய்வது என்று கேளுங்கள். விழுந்த பம்பின் மேல் “விழுந்தது, பயன்படுத்த வேண்டாம்” என்று ஒரு தாளில் எழுதி ஒட்டி வையுங்கள். மறுநாள் பணிக்கு வருபவருக்கு அது விழுந்த கதை தெரியாது.